செந்தூல் பட்டறையும் தொழில்தமிழும்

 

மொழியைப் பற்றிய உரை டீசல் இஞ்சினைத் தொட்டுச் செல்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். மொழி ஏட்டில் மட்டும் வளர்வதன்று, பட்டறையிலும் வளர்கிறது. இதற்குச் செந்தூல் நல்ல சான்று.

மலாயாவின் முதல் இரயில் பாதை 1885இல் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. மறு ஆண்டே கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் அருகிலுள்ள புக்கிட் கூடா வரை வண்டி ஓடியது. 1901இல் கூட்டு மலாய் மாநில இரயில்வே அமைந்தபின், அதன் நடுவண் பட்டறை செந்தூலில் எழுந்தது. யாழ்ப்பாணத் தமிழர் பலர் எழுத்தர்களாகவும் நிலையத் தலைவர்களாகவும், தமிழகத்திலிருந்து வந்தோர் பட்டறையிலும் தண்டவாளத்திலும் பணிபுரிந்தனர். 1945இன் தொடக்கத்தில் நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சுக்கு இப்பட்டறை உள்ளாயிற்று. பின்னர் மீண்டும் எழுந்தது.

நாடு விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டில் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் டீசல் இஞ்சின்கள் வந்தன. அவற்றோடு வேலையும் மாறிற்று. நீராவி இஞ்சினுக்குப் பல மணி நேரம் முன்னரே நெருப்பிட வேண்டும். சாம்பல் அள்ள வேண்டும். கொதிகலனில் படிந்த உப்பைக் கழுவ வேண்டும். டீசல் இஞ்சினில் எரிபொருள் நேரே சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. இஞ்சின் மின்னாக்கியைச் சுழற்ற, அம்மின்சாரம் அச்சுகளிலுள்ள மோட்டார்களை இயக்குகிறது. ஆகவே கொட்டகையில் எரிபொருள், உயவெண்ணெய், குளிர்நீர், மின்கலம், பிரேக் கட்டை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தண்டவாளங்களுக்கிடையே வெட்டிய குழியில் இறங்கி நின்று அடிப்பகுதியைச் சோதிப்பர். ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்காதிருக்க மணற்பெட்டியை நிரப்புவர். அம்மணல் உலர்ந்திருக்க வேண்டும். ஈரமானால் கட்டியாகிக் குழாயை அடைத்துவிடும். எண்ணெயில் சிறிது எடுத்து ஆராய்ந்தால், அதிலுள்ள உலோகத் துகள்கள் உள்ளே தேயும் உறுப்பைக் காட்டிக்கொடுக்கும்.

இவ்வேலையைச் செய்தவர் வாயில் தமிழ் எவ்வாறு இயங்கிற்று? இயந்திரத்தொழில் பேச்சில் பெயர்ச்சொற்கள் பல ஆங்கிலத்திலிருந்து வந்தவை: இஞ்சின், பிரேக்கு, நட்டு, ஆயில். ஆனால் வினைகளைப் பாருங்கள். பிரேக்குப் பிடிக்கிறோம், நட்டு முறுக்குகிறோம், ஆயில் ஊற்றுகிறோம், சார்ஜ் ஏற்றுகிறோம், காற்று இறக்குகிறோம். பொருளின் பெயர் கடல் கடந்து வந்தது. அதைக் கையாண்ட செயல் தமிழிலேயே நிகழ்ந்தது. ஷெட் என்பது செட்டு ஆனபோது, பட்டு, பாட்டு என்பன போலக் குற்றியலுகரத்தில் முடிந்து நம் இலக்கணத்துக்குள் அமர்ந்தது. தொல்காப்பியர் சொல்லை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தார். பிறமொழிச் சொல்லுக்கு இடம் தந்து, தமிழ் எழுத்துக்கு இயைய அதனை அமைப்பது நம் மரபு. நாமும் பிறர்க்குக் கொடுத்திருக்கிறோம்: மலாயின் காப்பால், பெத்தி, கெடாய் ஆகியன கப்பல், பெட்டி, கடை ஆகியவற்றின் வழி வந்தவையே.

கலைச்சொல்லாக்கம் வேண்டாம் என்பதன்று நம் கருத்து. உயவெண்ணெய், மின்னாக்கி ஆகியன பாடநூலுக்கு இன்றியமையாதவை. ஆயினும் கையில் எண்ணெய்க் கறையோடு பேசியவரின் சொல்லைக் கொச்சையென்று தள்ளிவிட்டு ஆக்கும் கலைச்சொல், நூலிலேயே தங்கிவிடும். 'ஏற்று', 'இறக்கு', 'முறுக்கு' என்னும் வினைகளோடு இணையும் புதுச்சொல்லே வழக்கில் நிற்கும்.

இன்று பெரும் பழுதுபார்ப்புப் பணி பேராக்கின் பத்து காஜாவுக்குப் பெயர்ந்துவிட்டது. செந்தூலின் பழைய இரயில்வே கட்டடமொன்று 2005 முதல் நிகழ்கலை மையமாக விளங்குகிறது. கட்டடத்துக்கு மறுவாழ்வு கிடைத்தது; அங்குப் பேசப்பட்ட சொல்லுக்கு அது தானாகக் கிடைக்காது. பட்டறைத் தலைமுறை முதுமையில் இருக்கிறது. அவர்கள் மறைந்தால் இச்சொற்களைக் கேட்டறிய வேறு ஆளில்லை. நம் நூலகங்களில் இவற்றைத் தேடினாலும் கிடைப்பது அரிது.

ஆகவே மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டனாரோ அண்டை வீட்டுப் பெரியவரோ இரயில்வேயில் பணியாற்றியிருந்தால், ஒரு நாள் வேலையைத் தொடக்கம் முதல் இறுதி வரை சொல்லச் சொல்லுங்கள். தனிச்சொல்லை மட்டும் குறிக்காமல், அது வரும் முழு வாக்கியத்தையும் ஒலியோடு பதிவு செய்யுங்கள். வினை அங்கேதான் இருக்கும். ஆசிரியர்கள் அதனை வகுப்பில் இலக்கணப் பாடத்துக்குச் சான்றாக்கலாம். குற்றியலுகரத்துக்குப் பட்டு, பாட்டு என்பனவற்றோடு செந்தூலின் செட்டும் எடுத்துக்காட்டாகட்டும்.