அடுப்புப் புகையும் பிறக்கும் குழந்தையும்

இடுக்கி மாவட்டத்து வட்டவடை, பூண்டும் கேரட்டும் விளையும் குளிர்மலை ஊர். அத்தகைய ஊர்களில் விறகடுப்பு சமையலோடு நிற்பதில்லை. குளிர்காயவும் அதுவே துணை. அதன் புகை கருவிலுள்ள குழந்தையை எவ்வளவு தாக்குகிறது?

இவ்வினாவை இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளின் ஆய்வாளர்கள் கூட்டாக ஆராய்ந்தனர். 2018-இல் தொடங்கி 3,200 கர்ப்பிணிகள் சேர்க்கப்பட்டனர். இந்தியப் பகுதியைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் விழுப்புரம், நாகப்பட்டினம் வட்டாரங்களில் நடத்தினர். ஒரு பிரிவினருக்கு எரிவாயு அடுப்பும், 18 மாதங்களுக்கு எரிவாயுவும் இலவசமாக அளிக்கப்பட்டன. மற்றவர் வழக்கம்போல் விறகில் சமைத்தனர்.

முடிவுகள் 2022 முதல் வெளிவந்தன. கர்ப்பிணிகள் சுவாசித்த நுண்துகள், கன மீட்டருக்கு 71 மைக்ரோகிராம் என்ற இடைநிலை அளவுக்கு எதிராக, எரிவாயுப் பிரிவில் 24 மட்டுமே. ஆனால் குழந்தைகளின் சராசரி எடை 2,898 கிராமுக்கு எதிராக 2,921 கிராம். தற்செயலாகவும் நேரக்கூடிய வேறுபாடு. கைக்குழந்தைகளின் கடும் நிமோனியாவும் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை.

எனவே எரிவாயு பயனற்றது என்று முடிவு கட்டலாமா? மாணவர்கள் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். தமிழ்நாட்டுத் தாய்மார்களிடையே நடந்து 2018-இல் வெளிவந்த முந்தைய ஆய்வில், நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால் எடை சுமார் 4 கிராம் குறைவதாகக் காணப்பட்டது. அக்கணக்குப்படி 47 மைக்ரோகிராம் குறைந்தால் கிடைக்கக்கூடியது 19 கிராமே! எதிர்பார்ப்புதான் பெரிதாக இருந்தது எனலாம். மேலும், அப்பெண்கள் கருவுற்று ஒன்பது வாரங்கள் கழிந்த பின்னரே சேர்க்கப்பட்டனர். உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த ஆண்டு வரம்போ 5 மைக்ரோகிராம்தான்.

வட்டவடைக்கு நாகப்பட்டினத்தைவிடப் பெருவின் பூனோ நெருங்கியது. டிடிகாகா ஏரிக்கரையின் குளிர்ந்த உயர்நிலம் அது. ஆய்வில் பெண்கள் விறகைக் கைவிட்டதற்கு, எரிவாயு தடையின்றி இலவசமாகக் கிடைத்தது முக்கியக் காரணம். 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் இணைப்பைத் தந்தது. சிலிண்டரை மீண்டும் நிரப்பும் செலவு குடும்பத்தைச் சேர்ந்தது. மலைக்குடிகளை ஆய்விட வரும் அலுவலர்கள் இணைப்புகளை எண்ணுவதோடு நில்லாமல், ஆண்டுக்கு எத்தனை சிலிண்டர்கள் வாங்கப்பட்டன, இரவில் குளிர்காய எந்த அடுப்பு எரிகிறது என்பவற்றையும் கேட்டறிதல் வேண்டும்.