காய்ச்சல் வந்தால் முதலில் கேட்க வேண்டியது



மனநோய் மருந்துகளும் நோய் எதிர்ப்பாற்றலும் பற்றி இன்று பல கட்டுரைகள் வாசிக்கப்பட இருக்கின்றன. மருந்து அந்த ஆற்றலைக் கெடுத்துவிடுமோ என்ற கவலை, குளோர்புரோமசின் என்ற மனநோய் மருந்து புழக்கத்துக்கு வந்த காலத்திலிருந்தே உண்டு. அது சிலருக்கு வெள்ளணுக்களைக் குறைத்தது, சிலருக்கு லூபஸ் போன்ற நோய்க்குறிகளைத் தந்தது. அவற்றையெல்லாம் கட்டுரையாளர்களிடம் விட்டுவிட்டு, நான் குளோசபின் ஒன்றைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

1975இல் ஃபின்லாந்தில் இந்த மருந்தைச் சாப்பிட்ட 16 பேருக்கு வெள்ளணுக்கள் அடியோடு சரிந்தன. அவர்களில் 8 பேர் இறந்தார்கள். பல நாடுகள் மருந்தை ஓரங்கட்டின. பிறகு 1988இல் மனநல மருத்துவர் ஜான் கேன் குழுவினரின் ஆய்வு வந்தது. வேறு மருந்துகளுக்கு மசியாத மனச்சிதைவு நோயாளிகளில், ஆறு வாரத்தில் குளோசபினால் தேறியவர்கள் 30 சதவீதம். குளோர்புரோமசினால் தேறியவர்கள் 4 சதவீதம். மறு ஆண்டே, ரத்தப் பரிசோதனை கட்டாயம் என்ற நிபந்தனையோடு அமெரிக்கா அனுமதித்தது.

ஆபத்து உண்மையானது, ஆனால் அரிது: நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி முதல் 18 வாரங்களில். அதனால்தான் அதுவரை வாராவாரம் ரத்தம் பார்க்கிறோம். இந்தப் பரிசோதனையைக் காரணம் காட்டியே நம்மில் பலர் மருந்தைத் தள்ளிப்போடுகிறோம். குடும்பத்தாரை விட எழுதித் தரும் நாம்தான் அதிகம் பயப்படுகிறோம் என்பது என் கணிப்பு. கையில் மருந்து இருந்தும் ஒருவரைப் பத்து வருடம் வீட்டுத் திண்ணையில் உட்கார வைப்பதும் தீங்குதான்.

ஆய்வக நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. மொத்த வெள்ளணுக்கள் 3,000 என்று வரும் சீட்டைப் பார்த்து, ‘கொஞ்சம் குறைச்சல்’ என்று கடந்துவிடலாம். அதே சீட்டில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு வகை 30 சதவீதம் என்றிருந்தால் கணக்கு 900. அன்றே மருந்தை நிறுத்த வேண்டிய எண் அது. 500க்குக் கீழே போனால் சாதாரணத் தொண்டைப்புண்ணே உயிரைக் குடிக்கும். எனவே சதவீதத்தோடு நிறுத்தாமல், பெருக்கி வரும் எண்ணையும் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

நம் மாவட்டத்தின் சிக்கல் தூரம். சித்தேரியிலிருந்தும் வத்தல்மலையிலிருந்தும் வாராவாரம் இறங்கி வர ஒரு நாள் கூலி போகும். பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதைமேல் ஏற்றிக் கொண்டுபோய் ஓட்டு வாங்கினோம். அந்த அக்கறையில் பாதி இருந்தாலும், ஒரு சிறு ரத்தக் குப்பியை மலையிலிருந்து கீழே கொண்டுவந்துவிடலாம். மாத்திரையை வீடு தேடிக் கொடுக்க ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வந்துவிட்டது. அந்த வழியில் ரத்தமும் திரும்பி வரட்டும்.

இன்னொன்று, பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் நம் ஆட்கள். அங்கே காய்ச்சல் வந்தால் மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையில் கோட்ரைமாக்சசோல் இருக்கலாம். அதுவும் வெள்ளணுக்களைக் குறைக்கக் கூடியது. வலிப்புக்குத் தரும் கார்பமசெபினும் அப்படியே; குளோசபினோடு அதைச் சேர்க்கவே கூடாது. தொற்று வந்து உடலில் அழற்சி கூடும்போது கல்லீரல் குளோசபினைக் கரைப்பது மந்தமாகி, ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறுகிறது. பீடிக்காரர் வார்டில் சேர்ந்து பீடியை விட்டாலும் அதே கதை. நேற்று வரை ஒத்துக்கொண்ட அளவு இன்று தூக்கி அடிக்கும். நோய் முற்றிவிட்டது என்று தப்பாக நினைத்துவிடுவோம்.

குளோசபின் தொடங்கிய முதல் மூன்று வாரத்தில் வரும் காய்ச்சல் பல நேரம் தானே அடங்கிவிடும். ஆனால் அது இதயத் தசை அழற்சியா, வெள்ளணுச் சரிவா என்று பார்க்காமல் அப்படி முடிவுகட்ட யாருக்கும் உரிமையில்லை. நீண்ட நாள் சாப்பிடுபவர்களுக்கு இம்யூனோகுளோபுலின் குறைவதும், நிமோனியா அடிக்கடி வருவதும் பிற்பகல் அமர்வில் விரிவாக வரும்.

புறநோயாளிப் பிரிவில் பணியாற்றும் செவிலியர்களிடமும் பயிற்சி மருத்துவர்களிடமும் என் வேண்டுகோள் இதுதான். காய்ச்சல், தொண்டை வலி என்று வருபவரிடம், “மனசுக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?” என்று கேளுங்கள். ஆம் என்றால், அன்றே ரத்தத்தை அனுப்பி, நியூட்ரோஃபில் எண்ணிக்கையைப் பார்த்த பிறகே அவரை வீட்டுக்கு அனுப்புங்கள்.