நாம் கேட்கத் தவறிய கேள்வி

(நமது ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



சில ஆண்டுகளுக்கு முன், அஸர் தொழுகைக்குப் பின் ஒருவர் நம்மிடம் மஸ்அலா கேட்டு வந்தார். மாதவிடாய் நின்று பல்லாண்டுகளான அவருடைய தாயாருக்கு மீண்டும் உதிரப்போக்கு. தொழலாமா என்பது கேள்வி. ஹைளு, இஸ்திஹாளா சட்டங்களை விளக்கி அனுப்பி வைத்தோம். மருத்துவரிடம் காட்டினீர்களா என்று நாம் கேட்கவில்லை. அந்த அம்மையாருக்கு முன்னரே மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை நடந்திருந்தது. வயிறு வீங்கி மருத்துவமனையில் சேர்த்தபோதுதான், மார்பகத்தில் தோன்றிய அந்நோயே சூலகத்துக்கும் கருப்பைக்கும் பரவியிருப்பது தெரிந்தது. பின்னர் அவர் வஃபாத்தாகிவிட்டார்.

அதன்பின் மருத்துவர்களிடம் கேட்டறிந்ததைச் சொல்கிறோம். மார்பகப் புற்றுநோய் பரவுமாயின் பெரும்பாலும் எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை ஆகியவற்றுக்கே செல்லும். கருப்பைக்குப் பரவுவது அரிது. பால் சுரக்கும் நுண்மடல்களில் தோன்றும் 'லோபுலர்' வகையே சூலகம், வயிற்று உறை, கருப்பை ஆகியவற்றை நாடும் இயல்பு மிகுந்தது.

இன்னொன்றும் உண்டு. மார்பக நோய் திரும்பாதிருக்க 5 ஆண்டுகள், சிலருக்கு 10 ஆண்டுகள் வரை 'டமாக்சிஃபென்' மாத்திரை தருகின்றனர். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது கருப்பையின் உட்சுவரில் புதிய புற்றுநோய் தோன்றும் வாய்ப்பைச் சற்றே கூட்டுகிறது. இதைக் கேட்டு எவரும் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். அதன் பயன் பெரிது. பரவிய நோயா, புதிய நோயா என்பதைச் சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்தே அறிய முடியும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. புதிய நோயைத் தொடக்கத்திலேயே கண்டால் கருப்பையை அகற்றிப் பெரும்பாலும் குணப்படுத்துகின்றனர். உதிரம் கண்ட பெண்களில் பெரும்பாலோருக்கு இவ்விரண்டும் இராது என்பதும் ஆறுதலான செய்தி. ஆயினும் ஒரு துளியேயானாலும் காட்டியாக வேண்டும்.

வெட்கம் என்பீர்கள். ஃபாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி) அவர்கள் தமது ஓயாத உதிரப்போக்கைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடமே வந்து கேட்டார்கள். அது மாதவிடாயன்று, ஒரு நரம்பிலிருந்து வருவது என்று விளக்கம் பெற்றார்கள். அந்த ஹதீஸை மதரஸாவில் பலமுறை ஓதியவர்கள்தாம் நாமும்!

இப்பொழுதெல்லாம் இம்மஸ்அலாவுடன் வருவோரிடம் முதலில் தாயாரின் வயதையும், மார்பகத்துக்கு முன்பு சிகிச்சை நடந்ததா என்பதையும் கேட்கிறோம். நடந்திருந்தால், பழைய மருத்துவக் கோப்பை எடுத்துக்கொண்டு அன்றைய தினமே மருத்துவரிடம் செல்லச் சொல்கிறோம். தொழுகையின் சட்டத்தை அதற்குப் பிறகே சொல்கிறோம்.