ஊசிமுனையில் இல்லம்



பத்தாண்டு நிறைவு விழாவில் தமிழாசிரியை ஒருத்தி வீடியோ கலைஞரைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நான் பேச வந்தது என்னவோ அகத்தைப் பற்றித்தான்.

1953-இல் பிறந்த ரண்பீர் காலேகா அடிப்படையில் ஓவியர். 1998-99-இல் அவர் படைத்தது 'ஊசியில் நூல் கோக்கும் மனிதன்'. ஓவியத் தாங்கியின்மேல் ஒரு படம். அதில் ஒருவர் அமர்ந்து ஊசியில் நூல் கோக்க முயல்கிறார். அதே மனிதரின் வீடியோ உருவம், தீட்டிய உருவத்தின்மேல் பொருந்தி விழுகிறது. அசையாத வண்ணம் மூச்சுவிடத் தொடங்குகிறது. நிகழ்ச்சி அவ்வளவே. வீட்டில் நாம் பார்த்தும் பாராமல் கடந்துபோகும் செயலுக்கு, அதற்குரிய நேரத்தை அவர் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.

குறுந்தொகை 167-ஆம் பாட்டில் கூடலூர் கிழார் செய்ததும் இதுவே. தயிர் பிசைந்த விரலைக் கழுவாமல் ஆடையில் துடைத்துக்கொள்கிறாள் தலைவி. தாளிப்புப் புகை கண்ணில் படிகிறது. விரலுக்குக் காந்தளை உவமை கூறிய புலவர், அழுக்கேறிய ஆடையையும் விட்டுவிடவில்லை. இனிது என்று கணவன் உண்ண, அவள் முகம் நுண்ணிதாக மலர்கிறது. அமெரிக்கக் கலைஞர் மார்த்தா ரோஸ்லர் 1975-இல் எடுத்த சமையலறை வீடியோவிலோ சுவைக்க எவரும் இல்லை. கருவிகளை அகரவரிசையில் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும் அந்தக் கைகளில் கோபம் ஏறிக்கொண்டே போகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். ஆம்பூர் வட்டாரத்தில் ஊசி பிடித்த கைகளுக்குப் பஞ்சமில்லை. தொழிற்சாலையில் வெட்டிய 'அப்பர்' மூட்டையாக வீட்டுக்கு வருகிறது. (தேவாரம் பாடிய அப்பரை நினைத்துக்கொள்ள வேண்டாம், ஷூவின் மேற்பாகத்தைச் சொல்கிறேன்.) உலை கொதிப்பதற்கும் பிள்ளை பள்ளியிலிருந்து திரும்புவதற்கும் இடையே, பெண்கள் வாசற்படியில் அமர்ந்து தோலைத் தைக்கிறார்கள். 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், ஜோடிக்கு 10 ரூபாய்க்கும் குறைவான கூலி பதிவாகியிருக்கிறது. அந்தக் காலணி கடல் கடந்து போகிறது.

நம் கவியரங்குகளில் இல்லம் எப்படி வருகிறது? கோலமாக, குத்துவிளக்காக, அம்மாவின் புடவைத் தலைப்பாக. இவை பொய் என்று நான் சொல்லவில்லை. நானும் அப்படி எழுதியவள்தான். ஆனால் அந்த வாசற்படியைத் தாண்டித்தானே நாம் அரங்குக்கு வருகிறோம்? தோலின் வாடையைப் பாலாற்றோடு சேர்த்துப் பாடினோம். வீட்டுக்குள் வந்த தோலைப் பாடவில்லை.

அகத்திணையில் தலைமக்கள் பெயரைச் சுட்டலாகாது என்பது மரபு. எவரும் தம்மை அங்கே வைத்துப் பார்க்க அது இடம் தரும். வாசற்படியில் தைப்பவளின் பெயரும் எங்கும் இல்லை. சம்பளப் பதிவேட்டிலும் இல்லை. இரண்டு பெயரின்மையையும் ஒன்றென்று என்னால் கொள்ள இயலவில்லை.

அடுத்த கவியரங்கிற்குத் தலைப்புக் கேட்டிருந்தீர்கள். 'ஊசி' என்று வையுங்கள். உவமையாக அன்று, ஊசியாகவே எழுதி வருமாறு கவிஞர்களை வேண்டுகிறேன்.