அம்மனைப் பறக்கவிட்டவர் யார்?

(விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலாளரிடையே பேசியது)



எனக்கு முன் பேசியவர்கள் கோயிலைப் பற்றியும் புராணத்தைப் பற்றியும் விரிவாய்ப் பேசிவிட்டார்கள். நான் சினிமாவைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லுகிறேன். சினிமாப் பேச்சுக்கு இந்த மேடையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். பூசாரி பத்து வருஷம் பாடுபட்டு உண்டாக்குகிற பயத்தை ஒரு அம்மன் படம் இரண்டரை மணி நேரத்தில் உண்டாக்கிவிடுகிறது. ஆகவேதான் பேச வந்தேன்.

டைரக்டர் இராம. நாராயணன் பெயரைக் கேட்டிருப்பீர்கள். 1949-இல் காரைக்குடியில் பிறந்து 2014-இல் சிங்கப்பூரில் காலமானவர். ஒன்பது மொழிகளில் 120-க்கு மேற்பட்ட படங்களை எடுத்தவர். ஒரு மனிதரால் இவ்வளவு எப்படி முடிந்தது என்பது மற்ற ஊர்க்காரர்களுக்கு ஆச்சரியமாயிருக்கலாம். அச்சில் பொம்மை வார்க்கிற உங்களுக்கு இருக்காது. அச்சு ஒன்று, வர்ணம் வேறு. ஒரு நல்ல பெண், அவளைக் கொடுமை செய்ய ஒரு கூட்டம், ஒரு குழந்தை, ஒரு குரங்கோ யானையோ பாம்போ, கடைசியில் சூலத்தோடு அம்மன். பெரிய நடிகருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. செலவு குறைவு, காலம் குறைவு. அந்தத் தொழில் திறமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

நிற்க, அவர் ஆரம்பத்திலேயே அம்மனைப் பிடித்தவரல்லர். 1981-இல் 'சுமை' படத்தால் டைரக்டரானார். அதே வருஷம் ஏவி.எம். நிறுவனத்துக்கு 'சிவப்பு மல்லி' எடுத்தார். அக்கிரமக்காரப் பணக்காரனை ஏழைகள் எதிர்க்கும் கதை. 1989-இல் தி.மு.க. சார்பில் காரைக்குடியிலிருந்து சட்டசபைக்குப் போனார். மறு வருஷமே 'ஆடி வெள்ளி'யும் 'துர்கா'வும் வந்தன. இதைக் கேட்டவுடன் நம்மவர்களுக்குக் கோபம் வருகிறது. எனக்கும் வந்தது. ஆனால் டிக்கெட் வாங்கினது யார்? நம் வீட்டார்தானே!

1995-இல் தெலுங்கில் 'அம்மோரு' வந்தது. கம்ப்யூட்டரால் அம்மனை ஆகாயமளவு காட்டலாம் என்று அது வழிகாட்டிற்று. பிறகு இவரும் 2000-இல் 'ராஜகாளி அம்மன்', 'பாளையத்து அம்மன்', 2001-இல் 'கோட்டை மாரியம்மன்' என்று வரிசையாகக் கொடுத்தார். அந்த அற்புதமெல்லாம் கம்ப்யூட்டர் முன் கண் வலிக்க உட்கார்ந்த பையன்களின் உழைப்பு. யானை மாலை போட்டதென்றால் பாகன் திரைக்கு வெளியே நின்று சைகை காட்டினான் என்று அர்த்தம். 2001-இல் வந்த மத்திய சர்க்கார் விதிப்படி அம்மனின் மிருகத்தையும் பிராணிகள் நல வாரியத்தில் பதிய வேண்டியதாயிற்று. அம்மன் அந்த விதியை ரத்து செய்யவில்லை!

கொட்டகையில் சாமி வந்து ஆடினவர்களையும், திரைக்குக் கற்பூரம் காட்டினவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அது போகட்டும். என் அண்டை வீட்டுப் பிள்ளைக்கு உடம்பெல்லாம் அம்மை. அதன் தாயார் மூன்று நாள் வைத்தியரிடம் போகவில்லை. "படத்துல பார்த்தீங்களே அண்ணே, அவளே வந்து இறக்கிட்டுப் போவா" என்றாள். நாலாம் நாள் சண்டை போட்டுத்தான் தூக்கிக்கொண்டு போனோம். பிள்ளை பிழைத்தது, ஒரு கண்ணில் பார்வை மங்கிவிட்டது. 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லாமற் போனது வீடு வீடாய்ப் போய் அம்மை குத்தினவர்களால் என்று ஒரு படமாவது அந்த அம்மாளுக்குக் காட்டியிருந்தால் அவள் என்னோடு சண்டை போட்டிருக்க மாட்டாள்.

பாரிஸ் பட்டணத்தில் ஜார்ஜ் மெலியே என்ற செப்பிடுவித்தைக்காரர் 1896-லேயே படத்தில் ஒரு பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்து மறைத்துக் காட்டினார். காமிராவை நிறுத்தினார், அம்மாளை எழுப்பினார், மறுபடி ஓட்டினார், அவ்வளவுதான் சூட்சுமம். இதே வித்தையை நம் தோழர் ஒருவர் இப்போது கைப்பேசியில் எடுத்து உங்கள் கண்ணெதிரே காட்டப்போகிறார். ஆண்கள் கொஞ்சம் பின்னால் தள்ளி, தாய்மார்களுக்கு முன்னால் இடம் விடும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.