பழைய வண்டி வாங்கப் போகிறீர்களா?

நெய்வேலியில் பணி ஓய்வு பெற்று குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறவர்கள் மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டுப் போவதுண்டு. நல்ல வண்டி கிடைக்கும். ஆனால் பார்த்து வாங்க வேண்டும்.

"நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்புவதே நல்லது. ஆறிய இன்ஜினில்தான் குறை தெரியும். கிளப்பியதும் சைலன்சரில் நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், செலவு பெரிது. சுரங்கப் பக்கம் ஓடிய வண்டியென்றால் ஏர் ஃபில்டரையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். தூசு அடைத்துக் கிடந்தால் பராமரிப்பு எப்படி என்று புரிந்துவிடும்.

ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணை, ஹேண்டிலுக்குக் கீழே சட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். தவணைக் கடனில் வாங்கிய வண்டியா? வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வேண்டும். பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும், அதையும் கணக்கில் வையுங்கள்.

பணம் கொடுக்கும்போதே படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி, 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பியுங்கள். விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பெயர் மாறும்வரை அந்த வண்டி விபத்தில் சிக்கினால், இழப்பீட்டுப் பொறுப்பு பதிவில் உள்ள உங்கள்மேல்தான் விழும்.