வேலை கேட்டு எழுதும் கடிதம்

(கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்காக நடந்த கூட்டத்தில், ஓய்வு பெற்ற கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



வேலைக்கு விண்ணப்பக் கடிதம் எழுதுவது எப்படி என்பது பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக் கொண்டார்கள். "இதற்கும் ஒரு கூட்டமா?" என்று வாசலில் ஒரு பெரியவர் கேட்டது என் காதில் விழுந்தது. ஐயா கேட்டது நியாயந்தான். தோட்டத்தில் இருந்தவரைக்கும் நமக்குக் கடிதம் தேவைப்படவில்லை. தகப்பன் பால்மரம் சீவினான். மண்டோரிடம் ஒரு வார்த்தை சொன்னால் மகன் பெயரும் செக்ரோலில் ஏறியது. ஆனால் பெட்டாலிங் ஜெயா எந்த இடத்தில் எழும்பியது? 1950களில் எபிங்காம் ரப்பர்த் தோட்டத்தில். சுபாங் ஜெயா? 1976 முதல் சீபீல்டு தோட்டத்து நிலத்தில். மரம் நின்ற அதே மண்ணில் இப்போது கட்டிடம் நிற்கிறது. அதற்குள் நுழைய ஒரு காகிதம் வேண்டியிருக்கிறது. அதனால்தான் ஐயா, இந்தக் கூட்டம்.

முதலில் என் சங்கதியைச் சொல்லி விடுகிறேன். 1973ஆம் ஆண்டு, எனக்குப் பதினெட்டு வயது. துறைமுகப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு, ஐந்தடியில் டைப் மெஷினோடு உட்கார்ந்திருந்த மனு எழுதுகிறவரிடம் போனேன். அப்பா கொடுத்த இரண்டு வெள்ளியை வாங்கிக் கொண்டு, அவர் ஒரு பக்கம் முழுக்க அடித்துக் கொடுத்தார். அதில் பாதி கம்பெனித் துரையின் பெருங்கருணை. மீதியில் என் வீட்டு வறுமை. கடைசி வரியில், "ஏதாவது ஒரு வேலை தந்து காப்பாற்ற வேண்டும்." பதில் வரவில்லை. கம்பெனிக்காரன் ஈரமில்லாதவன் என்று நாங்கள் வீட்டில் பல நாள் பேசிக் கொண்டிருந்தோம்.

பின்னால் வேறொரு ஆபீசில் எனக்கு வேலை கிடைத்தபோது, வருகிற விண்ணப்பங்களைப் பிரித்து அடுக்குவது என் பொறுப்பாயிற்று. அப்போதுதான் விஷயம் புரிந்தது. ஒரு வேலைக்கு நூறு கடிதம் வரும். தலைமைக் கிராணி ஒரு கடிதத்துக்கு அரை நிமிஷம் கூடக் கொடுக்க மாட்டார். எந்த வேலை, என்ன படிப்பு, என்ன செய்யத் தெரியும் என்ற மூன்றையும் அவர் கண் தேடும். "ஏதாவது ஒரு வேலை" என்று எழுதியவனை எந்தக் கட்டில் வைப்பது என்று அவருக்கே தெரியாது. என் பழைய கடிதமும் அப்படித்தான் எங்கோ ஒரு மூலையில் கிடந்திருக்கும்.

சரி, நல்ல கடிதம் எப்படி இருக்கும்? நம்மவர் ஒருவர் எழுதியதையே உதாரணமாகச் சொல்கிறேன். கணித மேதை இராமானுஜன் பெயரைப் பள்ளிக்கூடத்தில் கேட்டிருப்பீர்கள். அவர் வேலை தேடி அலைந்த கதையைப் பலர் கேட்டிருக்க மாட்டார்கள். கும்பகோணம் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தை இழந்தவர், எப்.ஏ. பரீட்சையில் தேறாதவர். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் அவர் மனம் நிற்கவில்லை. கலியாணம் ஆகிவிட்டது, வருமானம் இல்லை. நெல்லூர்க் கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவ் மாதாமாதம் செய்த பண உதவியில் கொஞ்ச காலம் ஓடியது. அந்த நிலையில்தான் 1912 பிப்ரவரி 9ஆம் தேதி, சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் கிராணி வேலை கேட்டு ஒரு கடிதம் எழுதினார்.

அந்தக் கடிதம் ஐந்தாறு வாக்கியந்தான். அதில் உள்ள செய்தியை என் வார்த்தையில் சொல்கிறேன். தங்கள் ஆபீசில் கிராணி வேலை ஒன்று காலி என்று அறிகிறேன், அதற்கு விண்ணப்பிக்கிறேன் என்று நேராகத் தொடங்குகிறார். மெட்ரிகுலேஷன் தேறியவன், எப்.ஏ. வரை படித்தவன் என்கிறார். சில எதிர்பாராத காரணங்களால் மேலே படிக்க முடியவில்லை என்பதை ஒரே வரியில் முடிக்கிறார். அது முதல் முழு நேரத்தையும் கணிதத்திலேயே செலவிட்டு வருகிறேன் என்கிறார். வேலை கிடைத்தால் அதைச் சரிவரச் செய்வேன் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு என்கிறார். வேலையைத் தரும்படி கேட்டு நிறுத்தி விடுகிறார்.

கவனித்தீர்களா? அப்போது அவர் பட்ட கஷ்டம் நம்மில் யாருக்கும் குறைந்ததல்ல. ஆனால் பட்டினியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. படிப்பு நின்று போனதை மறைக்கவும் இல்லை, அதற்காக அழவும் இல்லை. இடையில் சும்மா இருக்கவில்லை என்பதைச் சொல்லி விட்டார். தம்பிமார்களே, எஸ்.பி.எம்.மில் ஒரு பாடம் போய்விட்டது என்று விண்ணப்பமே போடாமல் வீட்டில் இருக்கிறீர்களே, இந்த இடத்தை நினைத்துக் கொள்ளுங்கள்.

கடிதத்தோடு சென்னை மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் எழுதிக் கொடுத்த சான்றும் இருந்தது. கணிதத்தில் அபூர்வமான திறமையுள்ள இளைஞர் என்று அவர் எழுதியிருந்தார். மார்ச் 1ஆம் தேதி வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 30 ரூபாய். "பார்த்தீர்களா, சிபாரிசு இருந்ததால் கிடைத்தது" என்று சிலர் சொல்லக் கூடும். இருந்தது, இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது அவர் திறமையைக் கண்ணால் பார்த்தவர் கொடுத்த சான்று. உங்கள் தமிழ்ப்பள்ளி ஆசிரியர், உங்களிடம் வேலை வாங்கிய கிராணி, இவர்களிடம் இரண்டு வரி கேட்டு வாங்குங்கள். உங்களைப் பார்த்தே இராத பெரிய மனிதரின் முத்திரையை விட அது எடை கூடியது.

மறு வருஷம் 1913 ஜனவரி 16ஆம் தேதி, கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி துரைக்கு அவர் இன்னொரு கடிதம் எழுதினார். அதிலும் முதல் வேலையாக, தாம் சென்னைத் துறைமுக ஆபீசில் சொற்பச் சம்பளக் கிராணி என்று உள்ளதைச் சொல்லித்தான் ஆரம்பித்தார். அதற்கு முன் கேம்பிரிட்ஜில் வேறு இரண்டு பேராசிரியர்களுக்கு எழுதியும் உதவி கிடைக்கவில்லை. மூன்றாவது கடிதந்தான் அவரை 1914இல் கப்பலேற்றியது. ஆனால் அந்தக் கடிதத்தோடு பல பக்கம் கணக்கு இருந்தது. நீங்கள் பல பக்கம் எழுதி விடாதீர்கள்! ஒரு பக்கம் போதும்.

இனி நம் கதைக்கு வருவோம். "எனக்கு என்ன தெரியும், மரம் சீவத்தான் தெரியும்" என்கிறார்கள். விடியும் முன் எழுந்து, பெரட்டுக்குத் தவறாமல் நின்று, நாளொன்றுக்கு ஐந்நூறு மரம் பட்டை கெடாமல் சீவி, பாலை நேரத்தோடு ஸ்டோரில் சேர்த்தவனுக்கா ஒன்றும் தெரியாது? பாக்டரிக்கு எழுதும்போது அதை எழுதுங்கள். "ஆறு வருஷம் பால்மரம் சீவியிருக்கிறேன். அதிகாலை ஐந்து மணிக்கு வேலைக்கு வந்து பழகியவன். கடைசி இரண்டு வருஷம் பால் நிறுக்கும் இடத்தில் கணக்குக்கும் உதவி செய்தேன்." இவ்வளவுதான். "நான் நல்ல உழைப்பாளி" என்று எழுதினால் யாரும் நம்ப வேண்டியதில்லை. ஆறு வருஷம், ஐந்து மணி என்றால் படிப்பவருக்கே தெரிந்து விடும். கிராணிமார் பிள்ளைகளும் அப்படியே. செக்ரோல் எழுதினேன், இத்தனை பேருக்குச் சம்பளக் கணக்கும் சேமநிதிக் கணக்கும் பார்த்தேன் என்று தொகையோடு எழுத வேண்டும்.

நடையைப் பற்றி ஒரு விஷயம். 1941இல் இதே கிள்ளான் வட்டாரத்தில் ஆர்.எச். நாதன் முன் நின்ற வேலை நிறுத்தத்தில், கூலி உயர்வோடு வேறொரு கோரிக்கையும் இருந்தது. துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது அது. சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள் நம் பாட்டன்மார். பேரன் மட்டும் கடிதத்தில் இறங்கி, "தங்கள் பாதம் பணிந்து" என்று எழுதுகிறான். மரியாதை வேண்டும், கெஞ்சல் வேண்டாம். நீங்கள் தருமம் கேட்கவில்லை, உழைப்பைக் கொடுக்கப் போகிறீர்கள்.

அரசாங்க இலாகாவுக்கு எழுதினால் மலாய் மொழியில் எழுத வேண்டும். அதற்கு ஓர் அமைப்பு உண்டு. மேலே உங்கள் விலாசம், ஒரு கோடு, பிறகு அவர்கள் விலாசம், தேதி. "துவான் அல்லது புவான்" என்று அழைத்து, கீழே எந்த வேலை என்பதைப் பெரிய எழுத்தில் தலைப்பாகப் போட வேண்டும். முதல் பத்திக்கு எண் கிடையாது. இரண்டாம் பத்தியிலிருந்து 2, 3 என்று எண் வரும். முதல் பத்திக்கும் 1 போட்டு அனுப்புகிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடையாளக் கார்டில் பெயர் எப்படி இருக்கிறதோ, எழுத்துப் பிசகாமல் அப்படியே எழுதுங்கள். சான்றிதழ்களின் நகலை மட்டும் கொடுங்கள். மூலத்தைக் கொடுத்து விட்டு அலைந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். மின்னஞ்சலில் அனுப்பினாலும் கடிதம் கடிதந்தான். வெறும் சான்றிதழை இணைத்து ஒரு வரியும் எழுதாமல் அனுப்பக் கூடாது. ஒரே கடிதத்தைப் பத்து இடத்துக்கு அனுப்புகிறவர்கள் கம்பெனிப் பெயரையாவது மாற்றுங்கள். ஒரு தம்பி ஒரு கம்பெனிக்கு அதன் போட்டிக் கம்பெனியின் பெயரைப் போட்டே எழுதி விட்டான்! எழுதியதை அம்மாவுக்கோ அக்காளுக்கோ உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் "என்னடா சொல்கிறாய்?" என்று கேட்கும் இடத்தைத் திருத்துங்கள்.

பின்னால் இரண்டு மேசை போட்டிருக்கிறார்கள். காகிதமும் பேனாவும் இருக்கின்றன. மலாயில் திருத்திக் கொடுக்க இரண்டு ஆசிரியைகள் வந்திருக்கிறார்கள். அடையாளக் கார்டு கொண்டு வந்தவர்கள் முதலில் வாருங்கள். எந்த வேலைக்கு என்பதை முடிவு செய்து கொண்டு வாருங்கள். வாசலில் கேள்வி கேட்ட ஐயாவின் பேத்தியும் வந்திருப்பதாகச் சொன்னார்கள். அந்தப் பிள்ளையையும் கூட்டி வாருங்கள் ஐயா.